கணக்குப்பிள்ளைக்குச் சொல்லாதது

மனிதனுடைய சோம்பலை நம்பிப் பிழைத்த தொழில் ஒன்று உண்டென்றால் அது ஆயுள் காப்பீடுதான். இதை நாங்கள் எந்த விளம்பரத்திலும் போட்டதில்லை. இருபது வருஷத்துக்கு ஒரு பாலிசி எடுத்திருக்கிறீர்கள், நடுவில் வேறோர் இடத்தில் கூடுதல் வட்டி தருகிறார்கள் என்றால் என்ன செய்வீர்கள்? உடனே மாற்றிவிட வேண்டும் என்பீர்கள். ஆனால் பத்திரம் பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று தேட வேண்டும். கிளை அலுவலகத்துக்குப் போக வேண்டும், அங்கே சம்பந்தப்பட்ட மேடம் சாப்பிடப் போயிருப்பார். சரி, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவீர்கள். அந்த அடுத்த வாரம் வராத வரைக்கும் எங்கள் பிழைப்பு நன்றாகவே ஓடியது.

பிறகு கணக்குப்பிள்ளை வந்தது.

போனுக்குள் குடியிருந்த அந்தச் செயற்கை அறிவுக்கு அதைச் செய்தவர்கள் வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருந்தார்கள். நம் ஜனங்கள் அதைக் கணக்குப்பிள்ளை ஆக்கி, அப்புறம் வெறும் பிள்ளையாகச் சுருக்கிவிட்டார்கள். சம்பளம் வந்த நிமிஷத்திலிருந்து அது செலவாகிற வரைக்கும் எல்லாம் அதன் பொறுப்பு. கரண்ட் பில் கட்டும், சீட்டு எடுக்கும், சந்தையில் எங்கே நாலு காசு அதிகம் கிடைக்கிறதோ அங்கே பணத்தைக் கொண்டுபோய்ப் போடும். அது தூங்காது, சலித்துக்கொள்ளாது. அடுத்த வாரம் என்ற பேச்சே அதனிடம் கிடையாது. நாலைந்து வருஷத்தில் எங்கள் பாலிசிதாரர் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பிள்ளை உட்கார்ந்துவிட்டது. எங்கள் மூலதனமான சோம்பல் நாட்டிலிருந்தே மறைந்துபோனது. அது போய்விட்டது என்பதே எங்களுக்கு அந்தப் புதன்கிழமை வரை உறைக்கவில்லை.

நான் ரமணீதரன். கோவையில் நொய்யல் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் ஏஜெண்டுகளை மேய்ப்பது என் உத்தியோகம். பெரிய கம்பெனிகள் ஏஜெண்டுகளை எப்போதோ வீட்டுக்கு அனுப்பிவிட்டன. நாங்கள் மட்டும் வைத்திருந்தோம். திருப்பூர் பனியன் கம்பெனி, பல்லடத்துக் கோழிப்பண்ணை, சோமனூர் விசைத்தறி என்று எங்களுக்கு நாலு லட்சம் குடும்பங்கள். நாங்கள் இன்னும் ஏஜெண்டுகளைக் கட்டி அழுவதைப் பார்த்து மற்ற கம்பெனிக்காரர்கள் சிரிப்பார்கள்.

அந்தப் புதன்கிழமை காலை மத்திய வங்கி வட்டியை ஒரே மூச்சில் ஏற்றியது. எங்கோ கடலில் எண்ணெய்க் கப்பல்கள் நின்றுவிட்டன, ரூபாய் சரிந்தது, அதைத் தூக்கி நிறுத்த இதுதான் வழி என்றார்கள். நேற்று வரை ஏழு சதவீதம் கொடுத்த அரசுக் கடன் பத்திரம் அன்று முதல் பன்னிரண்டு சதவீதம் கொடுத்தது. எங்கள் பாலிசிகள் தருவதும் ஏழுதான். நான் இதைப் படித்துவிட்டு, காபி ஆறுகிறதே என்று குடித்தேன்.

பத்தே முக்காலுக்கு எம்.டி. வரதராஜுலுவின் அறைக்கு ஓடி வரச் சொன்னார்கள். மில் குடும்பத்து மனிதர். அவருடைய அப்பா ஆரம்பித்த கம்பெனி. சாதாரணமாக வேட்டி கசங்காமல் உட்கார்ந்திருப்பவர், அன்று நின்றுகொண்டிருந்தார். சுவர்த் திரையில் ஒரு சிவப்புக் கோடு ஏறிக்கொண்டிருந்தது. பாலிசியை முறித்துப் பணம் கேட்பதைச் சரண்டர் என்போம். நிமிஷத்துக்கு எத்தனை சரண்டர் என்பதுதான் அந்தக் கோடு. வழக்கமாக அது தரையோடு தரையாகப் படுத்திருக்கும்.

"கதவைச் சாத்துங்க," என்றாள் நிறைமதி.

நிறைமதி எங்கள் ஆக்சுவரி. எத்தனை பேர் எந்த வயதில் சாவார்கள் என்று கணக்குப் போட்டு, அதற்கு எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும் என்று சொல்கிற உத்தியோகம். பகுத்தறிவுக் குடும்பம், பெயரிலேயே தெரியும். முப்பத்தெட்டு வயது. எம்.டி.யிடம்கூட வளைந்து பேசத் தெரியாது. எனக்கு அவளைப் பிடிக்கும், கொஞ்சம் பயமும் உண்டு.

"எல்லாப் பிள்ளையும் ஒரே நேரத்துல கணக்குப் போட்டிருச்சு சார்," என்றாள். "ஏழு சதவீதத்தை விட்டுட்டுப் பன்னெண்டுக்குப் போறது லாபம். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாப் பார்த்தா அது சரியான கணக்குதான்."

"கேக்கறவங்களுக்குக் கொடுத்துட்டுப் போலாமே அம்மிணி. நம்மகிட்ட பணமில்லாமலா போச்சு?" என்றார் எம்.டி.

"பணம் எல்லாம் பழைய பத்திரத்துல இருக்கு. உங்களுக்கு ஆர்.எஸ்.புரத்துல ஒரு வீடு இருக்குன்னு வெச்சுக்கோங்க. பத்து வருஷத்துக்கு மாசம் ஏழாயிரம் வாடகைன்னு எழுதிக் கொடுத்துட்டீங்க. இன்னிக்குப் பக்கத்து வீடு பன்னெண்டாயிரத்துக்குப் போகுது. உங்க வீட்டை அந்த வாடகைக்காரரோட சேர்த்து இப்ப விக்கப் போனா முழு விலை யாராவது தருவாங்களா?"

"எப்படிக் கொடுப்பான்?"

"நம்ம பத்திரம் அந்த வீடுதான். விக்காம வெச்சிருந்தா ஒரு பைசா நஷ்டமில்லை. அது முதிர முதிர அந்தப் பணத்தைப் பன்னெண்டுல போட்டு இன்னும் நல்லா இருக்கலாம். வட்டி ஏறுனது நமக்கு நல்லதுதான் சார். ஒரே நாள்ல ஏறி, ஒரே நாள்ல எல்லாரும் கதவைத் தட்டறதுதான் கெட்டது. ஒவ்வொரு சரண்டருக்கும் நாம ஒரு பத்திரத்தை அடிமாட்டு விலைக்கு வித்துட்டிருக்கோம்."

கம்பெனியின் கையிருப்பு சட்டம் போட்ட அளவுக்குக் கீழே போனால் அன்று மாலையே லைசென்ஸ் பறிபோகும் என்பது அந்தக் காலத்து விதி. இந்த வேகத்தில் போனால் மூன்று மணி தாண்டாது என்றாள் நிறைமதி.

பக்கத்துத் திரையில் மும்பைக்காரர் ஒருவர் வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மேரு என்ற பெரிய கம்பெனியின் மெஹ்தா. விழப்போகிற கம்பெனிகளை வாங்குவதுதான் அவர் வேலை. நொய்யலை அப்படியே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். எம்.டி.க்கும் மரியாதையான தொகை உண்டு. ஒரே நிபந்தனை, ஐம்பது வயது தாண்டிய பாலிசிதாரர் எல்லாரையும் புதிதாக மருத்துவப் பரிசோதனை செய்வார்கள். உடம்பில் கோளாறு இருந்தால் கட்டின பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். விழுகிற கம்பெனியை வாங்குகிறவருக்குச் சட்டமே கொடுத்த சலுகை அது.

எங்கள் ஆட்களில் பாதிப் பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். சாயப்பட்டறையிலும் தறிக்கூடத்திலும் உழைத்த உடம்பு. கணவன் போனால் மனைவிக்கு இது வரும், மனைவி போனால் குழந்தைகளுக்கு வரும் என்று வருஷக்கணக்காகக் கட்டி வந்தவர்கள். இப்போது வெளியே தள்ளினால் வேறு எந்தக் கம்பெனியும் அவர்களை வாசலில்கூட நிற்க விடாது. அவர்களிடம் கையெழுத்து வாங்கியவர்கள் என் ஏஜெண்டுகள். நாளைக்கு எந்த முகத்தோடு அந்தத் தெருவில் நடப்பார்கள்?

பதினொன்றரைக்குக் கோடு திரையின் பாதியைத் தாண்டியது. எம்.டி. பேனாவைக் கையில் எடுத்துவிட்டார்.

சரியாகப் பன்னிரண்டு அடித்தபோது கோடு தரைக்கு வந்து நின்றது.

மெதுவாகக் குறைந்து நிற்கவில்லை. குழாயை மூடினது போல நின்றது. ஒரு சரண்டர்கூட வரவில்லை. கம்ப்யூட்டர் பிரிவுப் பையன்கள் ஓடி வந்து எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தார்கள். எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. மெஹ்தாவின் ஆட்களும் மும்பையிலிருந்து சோதித்தார்கள். சிஸ்டம் பழுதுதான், சரியானதும் இரண்டு மடங்காக வந்து விழும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேரு தரும் விலை பாதியாகிவிடும், இப்போதே கையெழுத்துப் போடுங்கள் என்றார் மெஹ்தா. யோசிக்க வேண்டும் என்று சொல்லி எம்.டி. எங்கள் பக்கத்து மைக்கை அணைத்தார்.

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு நாள்காட்டியைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன ரமணி, குடி முழுகற நேரத்துல சிரிப்பு?" என்றார் எம்.டி.

"இன்னிக்குப் புதனுங்க சார். பன்னெண்டுல இருந்து ஒன்றரை வரைக்கும் ராகு காலம்."

நிறைமதி என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "அதுக்கும் சரண்டருக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"பிள்ளையை முதன்முதல்ல போன்ல போடறப்ப ஒரு மூட்டை கேள்வி கேக்குமில்ல? அதுல ஒண்ணு, நல்ல நேரம் பார்த்துப் பண்ணட்டுமான்னு. வேண்டாம்னு நம்மூர்ல எவன் அழுத்துவான்?"

"நான் அழுத்தினேன்."

"நீங்க ஒருத்தர். மத்த எல்லாரும் எதுக்கு வம்புன்னு ஆமாம் போட்டிருப்பாங்க. புதன்கிழமை பத்தரையில இருந்து பன்னெண்டு குளிகை. குளிகையில பண்ற காரியம் பெருகும்பாங்க, அதனால புது முதலீட்டுக்கு அதுதான் நேரம். அதான் பத்தரைக்கு அடிச்சுப் பிடிச்சு வந்தாங்க. சந்தை வரிசையில நின்னு வேலை முடியாத பிள்ளை எல்லாம் இப்ப ராகு காலம் முடியட்டும்னு காத்திருக்குது."

நிறைமதி நாற்காலியில் உட்கார்ந்தாள். உலகத்தில் எந்தக் காப்பீட்டுக் கம்பெனிக்கும் கிடைக்காத ஒன்றரை மணி நேரம் எங்களுக்குக் கிடைத்திருக்கிறது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. அதைக் கொடுத்தது யார் என்பதுதான் அவளுக்குச் செரிக்கவில்லை.

"நிச்சயமாத் தெரியுமா?" என்றாள்.

என் மனைவி கோகிலவாணிக்குப் போன் போட்டு, எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன்.

"கோகிலா, உன்ற நொய்யல் பாலிசியைப் பத்திப் பிள்ளை ஏதாச்சும் சொல்லுச்சா?"

"சொல்லுச்சுங்க. ஒன்றரைக்கு மேல அதைக் கொடுத்துட்டு வேற எதுலயோ போடறேன்னுது. நானும் சரின்னுட்டேன். அடுப்புல ரசம் கொதிக்குது, என்னன்னு சீக்கிரம் சொல்லுங்க."

கம்பெனி மேலாளரின் மனைவியே கம்பெனியை விட்டுப் போகிறாள். எம்.டி. முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நிறைமதி போன் பக்கம் குனிந்தாள். "அம்மா, நான் ஆபீஸ்ல இருந்து நிறைமதி பேசறேன். பாலிசியைக் கொடுத்துட்டா உயிருக்கு இருக்கற காப்பீடும் போயிடுமே, அதைக் கேட்டீங்களா?"

"கேட்டேங்க. அதே தொகைக்குப் புதுசா எடுத்துக்கலாம், உங்க உடம்புக்குக் கொஞ்சமாத்தான் ஆகும்னு சொல்லுச்சு."

"அப்படிங்களா? உங்களுக்குச் சுகர், பிரஷர் ஒண்ணும் இல்லைங்களா?"

அந்தப் பக்கம் ரசம் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஏனுங்க, ஸ்பீக்கர்லயா போட்டிருக்கீங்க?"

"ஆமா," என்றேன்.

"சுகர் இருக்குதுங்க," என்றாள் கோகிலா மெதுவாக. "ரெண்டு வருஷத்துக்கு முன்னால நெஞ்சுல ஒரு ஸ்டென்ட் வெச்சாங்க."

"அது பிள்ளைக்குத் தெரியாதா?"

"அதுகிட்ட எவ சொல்லுவா? பொண்ணுக்கு வரன் பாக்கற நேரமுங்க."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஜாதகம் பார்த்துப் பொருத்தம் சொல்வதெல்லாம் அப்போது இரண்டாம் பட்சம். சம்பந்தம் பேசுகிற இரண்டு வீட்டுக் கணக்குப்பிள்ளைகளும் தமக்குள் பேசிக்கொள்ளும். கடன் உண்டா, வியாதி உண்டா, அம்மாவுக்கு இருந்தால் பெண்ணுக்கு வருமா என்று அரை நொடியில் முடித்துவிடும். பிள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதனால் பிள்ளைக்கே தெரியாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் வழி. நாங்கள் ஆஸ்பத்திரிக்கு ரொக்கமாகப் பணம் கட்டினோம். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனோம். மாத்திரையைப் பஸ் ஏறிப் போய் வேறு ஊர் மருந்துக்கடையில் வாங்கினோம். எங்கள் பூர்ணிமாவுக்குப் பொள்ளாச்சியில் நல்ல இடம் அமைந்திருந்தது. அடுத்த வாரம் நிச்சயதார்த்தம்.

போனை வைத்ததும் நிறைமதி எழுந்து நின்றாள். அவள் கண்கள் பளபளத்தன.

"பிள்ளை கணக்குத் தப்பாப் போடலை சார். நாம அதுக்குக் கொடுத்த எண்ணுதான் தப்பு. எல்லாரும் நல்ல ஆரோக்கியமா இருக்காங்க, எப்ப வேணாலும் புதுப் பாலிசி கிடைக்கும்னு அது நம்பிட்டிருக்கு. நிஜத்துல இவங்க வெளிய போனா ஒரு கம்பெனியும் சேர்க்காது. கம்பெனி விழாத வரைக்கும் இவங்க கையில இருக்கற பழைய பாலிசியைக் கேள்வி கேக்கவும் யாருக்கும் உரிமை கிடையாது. மூணு வருஷம் தாண்டின பாலிசி. இவங்களுக்கு அது தங்கம். சுகர் இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், பிள்ளையே சரண்டரை நிறுத்திரும்." என் பக்கம் திரும்பினாள். "இந்த மாதிரி மறைச்சவங்க எத்தனை பேர் இருப்பாங்க?"

"நம்ம ஆளுகள்ல கல்யாண வயசுல ஒரு பையனோ பொண்ணோ இல்லாத வீடு எது? முக்காவாசிப் பேர் மறைச்சிருப்பாங்க. யார் யாருன்னு என்ற ஏஜெண்டுகளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனதே அவங்கதான்."

"நல்லாருக்கும்மா," என்றார் எம்.டி. "நல்ல உடம்புக்காரனெல்லாம் போயிருவான், நோயாளியை மட்டும் கட்டிக்கிட்டு நான் கம்பெனி நடத்தோணுமா?"

"இவங்க இன்னிக்குப் புதுசா நோயாளி ஆகலை சார். இத்தனை வருஷமா நம்மகிட்ட இருந்தது இதே ஆளுங்கதான். என் கணக்கு இவங்க எழுதிக் கொடுத்த ஆரோக்கியத்தை வெச்சுப் போட்டதில்லை, நிஜமா நடந்த சாவை வெச்சுப் போட்டது. மனுஷன் உடம்பைப் பத்திப் பொய் சொல்லுவான். சாவுக் கணக்குல பொய் வராது. பிரீமியத்துல அது எப்பவோ சேர்ந்திருக்கு."

எம்.டி. மெஹ்தாவின் திரையைப் பார்த்தார். "இவரை விட்டா இந்த விலை மறுபடி வராது."

"என் கையெழுத்து இல்லாம நீங்க விக்க முடியாது சார். ஒன்றரை வரைக்கும் போட மாட்டேன்."

அவர் அவளைக் கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். ஜன்னலோரம் போய், தன் போனைக் கையால் பொத்திக்கொண்டு அதனிடம் எதையோ முணுமுணுத்தார். என்ன சொன்னார் என்று நாங்கள் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"ஆகட்டும், செய்யுங்க," என்றார்.

அப்போது நிறைமதி செய்ததை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். எல்லா ஏஜெண்டுகளையும் ஒரே லைனில் கூப்பிட்டு நான் பேசப் போனபோது மைக்கை வாங்கிக்கொண்டாள். நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களை யாரும் தடுக்கக் கூடாது, அவர்கள் போவதுதான் அவர்களுக்கு லாபம் என்றாள். கம்பெனி கஷ்டத்தில் இருக்கிறது என்று அழக் கூடாது. மறைத்து வைத்திருப்பவர்களிடம் மட்டும் உள்ளதைச் சொல்லுங்கள். பிள்ளைக்குச் சொன்னால் சம்பந்தம் பேசுகிற வீட்டுக்கும் தெரிந்துபோகும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள், முடிவு அவர்களுடையது. காலையில் போனவர்களும் மாலைக்குள் திரும்பி வந்தால் பழைய பாலிசி அப்படியே உண்டு, அபராதம் கிடையாது என்றாள். இந்தக் கடைசி விஷயத்துக்கு எம்.டி.யிடம் அவள் கேட்கவே இல்லை. அவர் இருமினார், அவ்வளவுதான்.

அதன் பிறகு கொங்கு மண்டலம் முழுக்க போன் மணி அடித்தது. அவிநாசியில் எங்கள் ஏஜெண்ட் செல்வநாயகி அக்கா வெயிலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுத் தெருமுனையிலேயே நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். எங்கள் லைனை அவர் துண்டிக்காததால் அவர் பேசியதை நாங்கள் அறையில் கேட்டோம்.

"மாமா, போன ஆடியில உங்களை ராத்திரியோட ராத்திரியாக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது யாருங்க?"

"நீதான் அம்மிணி. அதுக்கென்ன இப்ப?" என்றது சாயப்பட்டறை சாமியப்பனின் குரல்.

"அதை உங்க பிள்ளைகிட்டச் சொன்னீங்களா?"

"எதுக்குச் சொல்லோணும்? பையனுக்குப் பொண்ணு பாத்துட்டிருக்கறோமில்ல."

"சொல்லலீன்னா ஒன்றரைக்கு அது உங்க பாலிசியைக் கொடுத்துப்போடும் மாமா. பொறவு நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா அத்தை யாருகிட்டப் போய் நிப்பாங்க? சொன்னீங்கன்னா பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சு போகும். அதையும் நான் மறைக்கலீங்க. ரெண்டுல எதுன்னு நீங்களே பாத்துக்கங்க."

"பத்து வருசமாக் கட்டுனது," என்றார் சாமியப்பன். "அவளுக்குன்னு நான் வெச்சிருக்கறது அது ஒண்ணுதான். பொண்ணு வேற இடத்துல பாத்துக்கலாம். பிள்ளைகிட்ட என்னன்னு சொல்லோணும், நீயே சொல்லிக்கொடு."

அறையில் ஒரு பையன் கைதட்டினான். நிறைமதி அவனை அதட்டி உட்கார வைத்தாள்.

எனக்கு ஒரு போன் பாக்கி இருந்தது. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துவிட்டு, என் வீட்டுக்குப் பேச வாய் வரவில்லை. பூர்ணிமாவுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. நாள் முழுக்க அவனோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு இதய நோய் என்று தெரிந்தால் பொள்ளாச்சிக்காரர்கள் என்ன சொல்வார்கள்? நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தேன். அதுவே அடித்தது.

"நான் சொல்லிப்போட்டேனுங்க," என்றாள் கோகிலா.

"எதை?"

"எல்லாத்தையும். சுகர், ஸ்டென்ட், மாத்திரை. அந்த ஆபீஸ் பொண்ணு கேட்டதுல இருந்து எனக்கு மனசே சரியில்லை. எனக்கு நாளைக்கே ஒண்ணு ஆச்சுன்னா பூர்ணிக்கு இருக்கறது அந்தப் பாலிசிதான். பிள்ளை சரின்னு கேட்டுக்கிட்டு, பாலிசியைக் கொடுக்க வேண்டாம்னு சொல்லிருச்சு."

"பொள்ளாச்சி?"

"போனாப் போகுதுங்க. ரசத்தைச் சூடு பண்ணி வெக்கறேன், சாயங்காலம் நேரத்துக்கு வந்து சேருங்க."

அவளைப் போலத் துணிச்சல் எனக்கு வந்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

ஒன்றரை ஆயிற்று. மெஹ்தா தன் திரையில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். ராகு காலம் முடிந்தது. சிவப்புக் கோடு அசைந்தது, ஏறியது. கொஞ்சம் ஏறிவிட்டு அது சாய்ந்தது. இளம் வயதுக்காரர்கள், நோய்நொடி இல்லாதவர்கள் சிலர் போனார்கள், போக வேண்டியவர்கள்தான். அதன் பிறகு கோடு படுத்துவிட்டது.

"ஏஜெண்டுக யாரும் லைனை விட்டுராதீங்க," என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

அப்போது திரையின் அடியில் பச்சையாக ஒன்று முளைத்தது. அந்த நிறத்தை அந்தத் திரையில் நாங்கள் பார்த்ததே கிடையாது. காலையில் போனவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். பல்லடத்திலிருந்து, சோமனூரிலிருந்து, காங்கேயத்திலிருந்து பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து சரண்டரை ரத்துச் செய்யச் சொல்லிக் கேட்டன. பச்சைக் கோடு சிவப்பைத் தாண்டியது. விற்பதற்காக எடுத்து வைத்திருந்த பத்திரங்களை நிறைமதி திரும்ப வைக்கச் சொன்னாள். மூன்று மணிக்குக் கம்பெனியின் கையிருப்பு சட்டம் கேட்கும் அளவுக்கு மேலே நின்றது. காலையில் வட்டி ஏறியதால் சந்தையில் எத்தனையோ கம்பெனிகள் ஆடிப்போயிருந்தன. எல்லாரும் கேலி செய்த ஏஜெண்டுகளை வைத்திருந்த ஒரே கம்பெனி மட்டும் ஆடவில்லை.

எம்.டி. மெஹ்தாவிடம், எங்கள் ஆக்சுவரிப் பெண் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள், மன்னிக்கவும் என்று சொல்லித் திரையை அணைத்தார். அப்புறம் அந்த மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கட்டடத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் மைசூர்பாகு வாங்கி வரச் சொன்னார். தனக்கு மட்டும் வேண்டாம் என்றார். ஜன்னலோரத்தில் அவர் தன் போனிடம் என்ன சொன்னார் என்று எங்களுக்கு அப்போது புரிந்தது.

சாயங்காலம் கார் நிறுத்தும் இடத்தில் நிறைமதி தன் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா?"

"என் பிள்ளைக்கு நல்ல நேரமெல்லாம் கிடையாதே சார். வட்டி ஏறின அடுத்த நிமிஷமே என் நொய்யல் பாலிசியைச் சரண்டர் பண்ணியிருக்கு. இன்னிக்கு முதல் ஆள் நான்தான்."

நான் திகைத்துப்போனேன். "திரும்பி வந்துரலாமே. நீங்களே திறந்து விட்ட கதவு."

"எதுக்கு சார்? எனக்கு உடம்பு நல்லா இருக்கு. பன்னெண்டு சதவீதத்தை விட்டுட்டு ஏழுக்கு வர நான் என்ன பைத்தியமா?" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள். கம்பெனியைக் காப்பாற்றியவளுக்குக் கம்பெனியில் பாலிசி இல்லை. கணக்குப்படி அதுதான் சரி.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பொள்ளாச்சிதான் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. இதற்குள் இரண்டு பிள்ளைகளும் பேசி முடித்திருக்கும். பூர்ணிமா அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே செருப்பைக் கழற்றினேன். அவள் கூடத்தில் உட்கார்ந்து தட்டிலிருந்த முறுக்கைக் கடித்துக்கொண்டு, சமையலறைப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாயில் விரலை வைத்தாள்.

உள்ளே கோகிலா போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அப்படிங்களா? பைபாஸுங்களா? எப்பங்க? அட, எங்களுக்கும் அதே டாக்டர்தானுங்க. நீங்களும் போனை வீட்டுல வெச்சுட்டா போனீங்க?"

பொள்ளாச்சிச் சம்பந்தியம்மாள். அவர்கள் வீட்டிலும் நொய்யல் பாலிசி உண்டு. அவர்களுடைய ஏஜெண்டும் அன்று மதியம் போன் செய்திருக்கிறார். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு பைபாஸ், சம்பந்தியம்மாளுக்குப் பத்து வருஷமாகச் சுகர். எங்களிடம் எப்படிச் சொல்வது என்று அவர்களும் தவித்துக்கொண்டிருந்தார்களாம். இரண்டு பெண்களும் மாத்திரைகளின் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை மாதமாகச் சம்பந்தம் பேசியதில் அவர்கள் மனம்விட்டுப் பேசியது அன்றுதான்.

கோகிலா போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, நிச்சயதார்த்தப் பந்தியில சர்க்கரை போடாத பாயசம் கொஞ்சம் தனியா வெச்சரலாமான்னு கேக்கறாங்க."

இரண்டு பக்கத்து விருந்தாளிகளையும், அன்று மதியம் என் ஏஜெண்டுகள் பேசியவர்களையும் ஒரு நிமிஷம் மனத்தில் ஓட்டிப் பார்த்தேன்.

"சர்க்கரை போட்டதைத் தனியா வெக்கச் சொல்லு," என்றேன்.